கொம்பையா விடாத மூச்சு

முப்பந்தல் கணவாய்க்குக் கிழக்கே வாடைக்குளம் என்றொரு ஊர். ஆடி மாதம் கொடியில் காயப்போட்ட வேட்டியைப் பக்கத்து ஊரில் போய்த்தான் தேட வேண்டும், அப்படிக் காற்று. அந்த ஊரில், தங்கப்பழம் ஒர்க்‌ஷாப் என்று போர்டு மாட்டிய தகரக் கொட்டகையில், கொம்பையா என்கிற ஃபிட்டர் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பூரணத்தின் காருக்கு மூச்சைக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனார். மூச்சைக் கொடுத்து என்றால் பாடுபட்டு வேலை பார்த்தார் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. நிஜமாகவே கொடுத்தார்.

அவருடைய வேலைமுறை அப்படி. எஞ்சினைக் கழற்றி, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டன் இறக்கி, ஹெட்டைத் தேய்த்து உட்கார வைத்த பிறகு, தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் திறந்திருக்கிறதா என்று மற்ற மெக்கானிக்குகள் கம்ப்ரசர் காற்றை அடித்துப் பார்ப்பார்கள். கொம்பையா மட்டும் மேல் ஹோஸில் வாயை வைத்து ஊதிப் பார்ப்பார். "கம்ப்ரசர் காத்து முட்டாப்பய காத்துல்லா, அடச்சிருந்தாலும் இடிச்சுக்கிட்டுப் போயிரும். வாய்க்காத்துதான் எங்க நிக்கின்னு நமக்குச் சொல்லும்" என்பார். பல்வலிக்காக எந்நேரமும் கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கி வைத்திருப்பார். அன்றைக்கும் ஊதினார். ஊதி முடித்ததும் ஹோஸைச் சட்டென்று ரேடியேட்டரில் செருகி, கிளிப்பை முறுக்கி, ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு, முன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் ஹார்ட் என்றார்கள்.

ஏன் அப்படிச் செய்தார் என்பது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது ஒர்க்‌ஷாப் ஓனர் தங்கப்பழம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பூரணத்தின் புருஷன் பிச்சைக்கண்ணு, தான் ஓட்டிய வேனைப் பிரேக் வேலைக்கு விட்டிருந்தார். விடிந்தால் முகூர்த்தம், கடையெல்லாம் அடைத்தாயிற்று, பிரேக்குக்குள் போடுகிற ரப்பர் கப் கையில் இல்லை. தங்கப்பழம் பழைய கப்பையே கழுவி மாட்டிவிட்டு, "புதுசு போட்டாச்சு, தைரியமாப் போ" என்று முதுகில் தட்டி அனுப்பினார். மறுநாள் காலை வேன் குளத்தங்கரை வளைவில் நிற்காமல் நேரே தண்ணீருக்குள் போனது. பின்னால் ஏற்றியிருந்த கல்யாண வீட்டுப் பிராந்திப் பெட்டி உடைந்து, தூக்கி வெளியே போட்டபோது பிச்சைக்கண்ணுவின் சட்டையெல்லாம் அந்த நாற்றம். முன்னொரு காலத்தில் குடித்துக்கொண்டிருந்த ஆள்தான்; அவர் விட்டு ஒரு வருஷம் ஆனாலும் ஊர் விடுமா? குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஸ்டேஷனில் எழுதினார்கள், டீக்கடையில் பேசினார்கள், சாவுக்குத் துஷ்டி கேட்க வந்தவர்கள் கூட வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்கள். அன்றைக்குத் தங்கப்பழம், எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்த கொம்பையாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வே, இதப் பத்தி மூச்சு விடப்படாது" என்றார். "மூச்சு விட மாட்டேன் அண்ணாச்சி" என்றார் கொம்பையா. சொன்ன சொல்லை ஒரு எழுத்துப் பிசகாமல் காப்பாற்றுகிற மனுஷன், கொடுமையே அதுதான். கடைசி மூச்சு வந்தபோது அதை வெளியே விடாமல் எஞ்சினுக்குள் போட்டுக் கிளிப்பை முறுக்கிவிட்டார்.

பதினாறு முடிந்த மறுநாள் பூரணம் காரை எடுத்தாள். புருஷன் போன பிறகு, குடிகாரன் பெண்டாட்டிக்கு யார் வேலை கொடுக்கப்போகிறார்கள் என்று டிரைவிங் கற்றுக்கொண்டு, பழைய வெள்ளை டீசல் கார் ஒன்றை வாங்கி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிற சிறுநீரக நோயாளிகளை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருகிற பொம்பளை அவள். அன்றைக்கு முப்பந்தல் தாண்டுவதற்குள் ஹீட் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டிப் பானெட்டைத் தூக்கினால் ஆவி. ஆவியில் கிராம்பு வாசம். பின் சீட்டில் இருந்த நோயாளி, "எம்மா, யாரோ இருமுதாவ" என்றார். பூரணம் சுற்றிப் பார்த்தாள். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன, வேறு ஒரு ஈ, காக்கை கிடையாது.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து தங்கப்பழத்தின் கொட்டகையில் நிறுத்தினாள். புதிதாகப் பிரித்துச் சேர்த்த எஞ்சின் கொதிக்கிறதென்றால் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு, எந்த மெக்கானிக்கும் அதைத் தூக்கத்தில்கூடச் சொல்வான். தங்கப்பழம் அந்த வரிசைப்படி ஃபேன் பெல்ட்டைப் பார்த்தார், சரி. ரேடியேட்டர் மூடியை மாற்றினார், கொதித்தது. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்தார், திறந்தது, மாட்டினார், கொதித்தது. ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்று பார்த்தால் தண்ணீரில் புகை வாசமே இல்லை. பம்ப்பு புதுசு, ரேடியேட்டரைக் கழற்றி அமிலம் விட்டுக் கழுவியாயிற்று, டைமிங் முடியளவு பிசகவில்லை, அத்தனைக்குப் பிறகும் சொல்லி வைத்த மாதிரி கொதித்தது. வரிசையில் ஒன்றே ஒன்றை மட்டும் தாண்டித் தாண்டிப் போனார்.

"அண்ணாச்சி, ஏர் எடுத்தாச்சா?" என்றாள் பூரணம். தண்ணீர் வழியில் காற்று அடைத்துக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும், அந்தக் காற்றை வெளியேற்றுவதற்குத்தான் ஏர் எடுப்பது என்று பெயர். காரே இல்லாதவன் கூட வாடைக்குளத்தில் அதைச் சொல்வான்.

"அதெல்லாம் முதல்லயே எடுத்தாச்சும்மா" என்றார் தங்கப்பழம்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேல் ஹோஸுக்குள்ளிருந்து "ம்?" என்று ஒரு சத்தம் கேட்டது. ஓனர் பொய் சொல்லும்போது கொம்பையா ஸ்பேனரைக் கீழே வைக்காமல் கேட்கிற அதே "ம்?". தங்கப்பழம் எஞ்சினை அணைத்தார். அணைத்த பிறகு ஹெட்டின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார். இரும்பு முழுக்கத் தொட முடியாத சூடு, நாலாவது சிலிண்டருக்கு மேலே உள்ளங்கை அகலம் மட்டும் ஜில்லென்று கிடந்தது. அந்த ஜில்லிப்பு தூங்குகிறவன் நெஞ்சைப் போல மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. தங்கப்பழம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

ஊருக்குத் தெரிய எத்தனை நேரம்? கொம்பையாவின் பெண்டாட்டி செண்பகம் வந்தாள், மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள், "அவியதான்" என்றாள், முக்காலியை இழுத்துப் போட்டுப் பானெட் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். அதோடு அது ஊர் வழக்கமாகிவிட்டது. வாடைக்குளத்துக்காரர்கள் எதையும் நாலு நாளைக்கு மேல் அதிசயமாக வைத்திருக்க மாட்டார்கள். ஆடு காணாமல் போனவன் வந்து, "தெக்கவா போச்சு?" என்று கேட்டுவிட்டு ஹோஸில் காதை வைத்தான். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்கள். கோயில்காரர் இது காத்து கருப்பு சமாச்சாரம், எலுமிச்சம்பழம் கட்டலாம் என்றார். சர்ச்காரர் கொம்பையா எங்கள் தெருவில்தான் குடியிருந்தார் என்று உரிமை கொண்டாடினார். காற்றாலை இஞ்சினியர் ஒருவர் கணக்குப் போட்டு, ஒரு மனுஷன் சாதாரணமாக விடுகிற மூச்சு அரை லிட்டர், கடைசி மூச்சை இதுவரை யாரும் அளக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். டயாலிசிஸ்காரர்கள்தான் பாவம், பஸ்ஸில் நின்றுகொண்டு நாகர்கோவில் போனார்கள்.

தங்கப்பழத்துக்கு இது ஒருவகையில் நிம்மதி. யாராவது ஏர் எடுக்கலாமே என்று வாயைத் திறந்தால், "அந்தச் செண்பகத்த நெனச்சுப் பாரும்வே. பேச்சுத் துணைக்கு அதுக்கு வேற யாரு இருக்கா?" என்று கண் கலங்கிவிடுவார். கலக்கம் என்னவோ நிஜம்தான், காரணம்தான் வேறு. அந்த மூச்சு வெளியே வந்தால் அதோடு என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். வந்தால் ஒர்க்‌ஷாப் போகும், பேர் போகும், பூரணத்தின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போகும். காருக்குள் இருக்கிறவரைக்கும் கொம்பையா வாக்குக் கொடுத்த கொம்பையாதான்.

ஆனால் செண்பகமே ஒரு நாள் முக்காலியை மடக்கிவிட்டாள். "நான் பேசுதேன் பேசுதேன், அவிய ம், ம்ங்காவ. நேத்து அந்த ம்-ல ஒரு முக்கல் தெரிஞ்சுது. எத்தன நாளைக்கு அடக்கி வச்சிருப்பாவ? அவியளுக்கு மூச்சு முட்டுது அண்ணாச்சி. விட்டுருங்க" என்றாள். பிறகு யார் என்ன சொல்ல முடியும்? வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு மேல் நேரம் நன்றாக இருக்கிறது என்று ஊரே கூடி முடிவு செய்தது.

வெள்ளிக்கிழமை கொட்டகை கொள்ளவில்லை. ஏர் எடுப்பதற்கு ரெண்டு பேர் வேண்டும், ஒருவர் ஆக்சிலேட்டரில், ஒருவர் ஹோஸில். எத்தனையோ வருஷம் ஆக்சிலேட்டரில் தங்கப்பழம், ஹோஸில் கொம்பையா. அன்றைக்குப் பூரணம் ஏறி உட்கார்ந்தாள். காற்று மேலேதான் ஏறும் என்பதால் காரின் மூக்கை வாசல் மேட்டில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். தங்கப்பழம் கிளிப்பைத் தளர்த்தினார். எஞ்சின் இரைந்தது, ஊர் வாயை மூடியது, வெளியே வீசிக்கொண்டிருந்த ஆடிக் காற்று கூட நின்று கவனித்தது. ஹோஸ் புடைத்தது. உள்ளே ஏதோ நாலாவது சிலிண்டரிலிருந்து மூன்றாவதுக்கு, மூன்றிலிருந்து ரெண்டுக்கு, ரெண்டிலிருந்து ஒன்றுக்கு, செருப்பைத் தேய்த்து நடக்கிற ஆள் மாதிரி நடந்து வந்தது. ஹோஸின் வாய்க்கே வந்துவிட்டது. இப்போது பேசும். தங்கப்பழம் திரும்பி ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த பூரணத்தைப் பார்த்தார், அவளும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே குனிந்து, கொதிக்கிற ஹோஸில் வாயை வைத்து, அந்த மூச்சை ஒரே இழுப்பில் உள்ளே இழுத்துக்கொண்டார்.

உதடு வெந்துபோனது. ஹீட் முள் தடதடவென்று இறங்கிப் பாதியில் நின்றது, அதற்கப்புறம் அது அசையவே இல்லை.

ஊர் சொக்கிப்போனது. "சேக்காளின்னா இப்படில்லா இருக்கணும்! மண்ணுக்கும் காத்துக்கும் குடுக்காம நெஞ்சுக்குள்ள வாங்கிட்டாருய்யா!" என்று ஒருவர் அழுதார். செண்பகம் அவர் காலைத் தொடப் போனாள். தங்கப்பழம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாது, நெஞ்சுக்குள் ஒருவர் திறப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து ஒன்பது நாள் தங்கப்பழம் பேசவில்லை. மூக்கால் இழுத்து மூக்கால் விட்டார். பேச்சு வருகிற வழியை மட்டும் பல்லைக் கடித்து அடைத்துக்கொண்டார். நண்பனுக்காக மௌன விரதம் என்று ஊர் அதற்கும் பெயர் வைத்து முடித்துவிட்டது. மூன்றாம் நாள் உடம்பு சுட ஆரம்பித்தது. காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள், இறங்கவில்லை. இளநீர் கொடுத்தார்கள், நுங்கு கொடுத்தார்கள், தலையில் எண்ணெய் வைத்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது, கொதித்தது. ஏழாம் நாள் அவர் கையில் கொடுத்த பச்சைத் தண்ணீர் வெதுவெதுப்பாகத் திரும்பி வந்தது. அவரை நலம் விசாரித்துவிட்டு வந்தவர்கள் வீட்டுக்கு வந்த பிறகும் மூக்கில் கிராம்பு வாசம் இருப்பதாகச் சொன்னார்கள். சிலருக்கு, கிளம்பும்போது பின்னால் யாரோ "ம்" என்றதாகத் தோன்றியது, திரும்பினால் தங்கப்பழம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

பத்தாம் நாள் மத்தியானம் பூரணம் நாகர்கோவில் ட்ரிப்பை முடித்துவிட்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். கார் பூனைக்குட்டி மாதிரி வந்து நின்றது. தங்கப்பழம் தனியாகப் பெஞ்சில் இருந்தார். அவள் ஒன்றும் கேட்காமல் அவர் நெற்றியில் கையை வைத்தாள், சுட்டது; கழுத்தில் வைத்தாள், சுட்டது; நடு நெஞ்சில் வைத்தபோது உள்ளங்கை அகலத்துக்கு ஜில்லென்று இருந்தது.

"அண்ணாச்சி" என்றாள். "ஒங்களுக்குக் காத்து அடச்சிருக்கு."

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நானும் அன்னைலருந்து யோசிக்கேன். ஊருக்கே தெரியுது ஏர் எடுக்கணும்னு, பெரிய மெக்கானிக் ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு? எடுத்தாச்சுன்னு எங்கிட்ட ஏன் பொய் சொன்னிய? வெளிய வந்தத ஏன் வாய வச்சு உறிஞ்சினிய? ஏதோ எனக்குக் கேட்டுரப்படாதுன்னு இருக்கு. எந்திரிங்க."

அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், கார் மூக்கை ஏற்றி நிறுத்துகிற அதே வாசல் மேட்டில், தலை உயர்ந்து கால் தாழ்ந்து இருக்கும்படி உட்கார வைத்தாள். ஹோஸை அமுக்குவதுபோல வயிற்றிலிருந்து மேல்நோக்கி அமுக்கிக்கொண்டே வந்தாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, கை கூப்பினார், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் விடவில்லை. பல் கிட்டியது, கிட்டிய பல் தளர்ந்தது. தங்கப்பழத்தின் வாய் திறந்து கொம்பையாவின் குரல் வந்தது.

"பிரேக்குக்குப் புது கப் போடல. பழசத்தான் கழுவிப் போட்டோம். பிச்சைக்கண்ணு அன்னைக்குக் குடிக்கலம்மா. நான் பாத்தேன்."

அவ்வளவுதான். ஒரு மூச்சுக்கு அவ்வளவுதான் கொள்ளும். கிராம்பு வாசம் கொட்டகை முழுக்கப் பரவி, தகரத்தின் இடுக்கு வழியாக வெளியே போய், காற்றோடு கலந்துவிட்டது.

பூரணம் மண்ணில் உட்கார்ந்தாள். தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னாள்: "அன்னைக்குக் காலைல வண்டி எடுக்கதுக்கு முன்னால எம் மூஞ்சிகிட்ட வந்தாவ. குடிக்கலட்டி, வேணும்னா மோந்து பாரு, ஊதிக் காட்டுதேன்னு சொன்னாவ. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். இந்த ரெண்டு வருசமும், மோந்து பாத்துருந்தா வண்டிய எடுக்க விட்டுருக்க மாட்டேன், நாந்தான் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

தங்கப்பழம் தேம்பினார். சூடு இறங்கிக்கொண்டிருந்தது, சட்டை வேர்வையில் நனைந்துபோனது. வெளியே வந்துவிட்டது, இனிமேல் ஒன்றும் இல்லை, எல்லாம் முடிந்தது என்று உடம்பு நினைத்துக்கொண்டது.

"கொம்பையாண்ணன் சொல்லிட்டாவ" என்றாள் பூரணம், எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே. "செத்தவிய சொன்னத யாரும் ஏட்டுல எழுத மாட்டாவ. இப்ப நீங்க சொல்லுங்க."

"எங்... எங்கம்மா?" பத்து நாள் பேசாத தொண்டை, கிணற்று ராட்டினம் மாதிரி கிறீச்சிட்டது.

"எங்கெல்லாம் அவிய குடிகாரரோ அங்கெல்லாம். வண்டில ஏறுங்க."

முதலில் டீக்கடை. விரதம் முடித்து வருகிறார் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்றார்கள். தங்கப்பழம் சொன்னார். குரல் யாருக்கும் எட்டவில்லை. "கேக்கல அண்ணாச்சி" என்றாள் பூரணம். மறுபடி சொன்னார். ஒருவன் கையிலிருந்த கிளாஸை அப்படியே வைத்துவிட்டு, இவரைப் பார்க்காமல் பூரணத்தையும் பார்க்காமல் வெளியே போனான். அடுத்து செண்பகம் வீடு, வேன் சொந்தக்காரர் வீடு, துஷ்டிக்கு வந்து மூக்கைச் சுளித்தவர்களின் தெரு, பிறகு கல்யாண வீட்டுக்காரர் கடை. ஒவ்வொரு இடத்திலும் அவள் எஞ்சினை அணைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் துப்பினார், ஒருவர் அடிக்க வந்தார், அவரை யாரும் தடுக்கவில்லை. செண்பகம் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு, "இதத்தானா இத்தன நாளும் சுமந்தாவ?" என்று கேட்டாள். தங்கப்பழம் குனிந்தபடி காரில் போய் ஏறிக்கொண்டார்.

கடைசியாக ஸ்டேஷன். இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஏட்டையா பழைய ஃபைலைத் தேடி எடுத்து, தூசி தட்டி, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். தங்கப்பழம் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஆரம்பித்தார். கடை அடைத்திருந்தது, முகூர்த்த அவசரம், கப் இல்லை என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"மெதுவாச் சொல்லும்வே, எழுதணும்லா" என்றார் ஏட்டையா.

பூரணம் மேஜையில் கையை ஊன்றிக் குனிந்து அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தாள்.

"அதெல்லாம் பொறவு எழுதலாம் சார்" என்றாள். "முதல் வரில, அவிய குடிக்கலன்னு எழுதுங்க."